எல்லாவற்றிலும் இரண்டு வைத்திருந்தவர்

அவர் முதன்முதலாக எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது இரண்டு குடை கொண்டுவந்தார். ஒன்றை விரித்துப் பிடித்திருந்தார். இன்னொன்று மடக்கியபடி அக்குளில் இருந்தது. கார்த்திகைத் தூறல் வருவதும் நிற்பதுமாக இருந்த நாள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அப்பாடா, நம்மைப் போலவே ஒரு ஆள். எதற்கும் ஒரு மாற்று வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டார்ச் லைட் இரண்டு, மண்வெட்டிக் காம்பு இரண்டு, மோட்டார் ரூம் பூட்டுக்கு மூன்று சாவி. பையிலிருக்கும் பஸ் டிக்கெட்டை இறங்கும்வரை பத்து முறை தொட்டுப் பார்க்கிறவன் நான்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அந்த இரண்டாவது குடையின் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ மேடம், நல்ல குடையுங்களே!”

“நல்ல குடை இதோ என் தலைக்கு மேல இருக்குங்கண்ணா. இது ரெண்டாவது. இது எப்படி வேணாப் போகலாம்.”

கம்பிகளை மட்டும் விட்டு, கைப்பிடியை மண்ணில் நட்டு, ஒவ்வொரு கம்பி நுனியிலும் ஜிகினாத் தாள் கட்டினார். காற்றில் அது சுற்றிச் சுற்றி மின்னியது. குருவி விரட்ட என்றார். குருவி உண்மையிலேயே வரவில்லை. மயில்கள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று அதை வேடிக்கை பார்த்தன.

முப்பது வயதிருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, மாவு, ரவை வியாபாரம். கோதுமையை மூட்டையில் மட்டுமே பார்த்து வளர்ந்த வீட்டில், அதைச் செடியாகப் பார்க்கப் படிக்கப் போனவர் அவர் ஒருவர்தான். ஏதோ ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு ஏக்கரில் ஒரு மூலையை ஒரு போகத்துக்குக் குத்தகை பேசி, என்னையே காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் வைத்துக்கொண்டார்கள். எட்டாவதைப் பாதியில் விட்டவனுக்கு ஆராய்ச்சியில் வேலை கிடைத்ததே என்று என் சம்சாரத்துக்குப் பெருமை. எனக்கு அன்றிலிருந்தே பயம்.

“ஏனுங்க மேடம், இந்தச் சீமையில கோதுமை யாரும் போட மாட்டாங்களே. எல்லாம் குச்சிக்கிழங்குதானுங்க” என்று கேட்டேன். மரவள்ளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“அதுக்குத்தாங்கண்ணா இங்க வந்தேன். நான் இங்க கோதுமை வளர்க்க வரல. கோதுமை நோயை வளர்க்க வந்திருக்கேன். சுத்துவட்டாரத்துல கோதுமை இருந்தா அவங்க வயலுக்குப் பரவிடும். இங்க பரவறதுக்கு ஆளே இல்ல.”

என் சம்சாரம் என்னைப் பார்த்தாள். நான் குத்தகைக் காகிதத்தைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டாயிற்று.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் முப்பது சிறு வரிசை. அந்தப் பக்கம் அதே முப்பது வரிசை, வேறு ஒழுங்கில். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குச்சி, அதில் ஒரு எண். எந்த எண் எந்த விதை என்பது அவர் நோட்டில் மட்டும்தான். இரண்டு பாத்தியையும் சுற்றி, நோய் சட்டென்று தொற்றும் ஒரு ரகத்தை வேலி மாதிரி விதைத்தார். அவர் வளர்க்க வந்த துருநோய் முதலில் அதில் ஏறி, அங்கிருந்து உள்ளே வர வேண்டும். “ஓரத்து வரிசையைத் தொட்டுடாதீங்க, அது நோய்க்குன்னே போட்டது” என்று மூன்று முறை சொன்னார். நான் ஆறு முறை தலையாட்டினேன்.

எதையும் இரண்டாகத்தான் வைத்திருப்பார். நோட்டு இரண்டு. ஒன்றில் அச்சடித்தது மாதிரி எழுத்து. இன்னொன்றில் கிறுக்கல், டீ சிந்திய வட்டம், நசுங்கிய இலை, தலைகீழாக ஒரு பக்கம். சாப்பாட்டு டப்பா இரண்டு. ஒன்றில் அம்மா கட்டித்தந்த ஒழுங்கான சோறு. இன்னொன்றில் அவரே காலையில் எதையாவது கலந்து கொண்டுவருவார். கோதுமை ரவையும் கொள்ளும் சேர்ந்த ஒன்றை ஒரு நாள் நீட்டினார். என் சம்சாரம் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

“எப்படீங்கக்கா இருக்கு?”

“மாட்டுக்கு வெச்சா பால் நல்லாக் கறக்கும் அம்மிணி.”

அவர் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். அதைக் கிறுக்கல் நோட்டில் எழுதியும் வைத்தார். மறுவாரம் அதையே வெங்காயமும் தேங்காயும் போட்டு மாற்றிக் கொண்டுவந்தபோது நாங்கள் மூன்று பேரும் டப்பாவை வழித்து நக்கினோம். ஒழுங்கான சோறு அப்படியே இருந்தது. அன்றிலிருந்து என் சம்சாரம் அவரை மேடம் என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. அம்மிணிதான். கொஞ்ச நாளில் எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அதற்குள் பிடிபட்டுவிட்டது. நான் வைத்திருக்கும் இரண்டாவதை யாரும் தொடக் கூடாது. அவர் வைத்திருக்கும் இரண்டாவது தொடுவதற்கென்றே இருந்தது.

மார்கழியில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியின் சாவி காணாமல் போனது. பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் அதற்குள். காணாமல் போனது என்று சொல்வதும் தப்பு. திருடன் கண்ணில் படக் கூடாது என்று நானேதான் ஒளித்து வைத்தேன். இடம்தான் மறந்துபோனது.

“டூப்ளிகேட் இல்லீங்களாண்ணா?” என்றார் அவர்.

என் சம்சாரம் சொன்னாள். “இருக்குதுங்க அம்மிணி. ரெண்டையும் ஒரே எடத்துல ஒளிச்சு வெச்சிருக்கறாரு.”

பெட்டிப் பூட்டும் மோட்டார் ரூம் பூட்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அவர் மோட்டார் ரூம் சாவியைக் கடைவீதிக்குக் கொண்டுபோய் அதேபோல நான்கு வெட்டி வாங்கிவந்தார். என்னிடம் ஒரு அரம் கேட்டார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து முதல் சாவியின் பற்களை ராவ ஆரம்பித்தார். பெட்டியில் விட்டுப் பார்ப்பது, திருப்புவது, மறுபடி ராவுவது. எனக்கு ஒவ்வொரு ராவலும் நெஞ்சில் விழுந்தது. முதல் சாவி வீணாகியது. இரண்டாவதும் வீண். மூன்றாவது உள்ளே போய் மாட்டிக்கொண்டு, குறடு வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. நான்காவது திரும்பியது. பெட்டி திறந்தது. உள்ளே ரேஷன் கார்டுக்கு மேலே என் இரண்டு சாவிகளும் பத்திரமாக இருந்தன. பெட்டிக்குள் வைத்து, சாவி இல்லாமலே கொக்கியை அழுத்திப் பூட்டியிருக்கிறேன். என் சம்சாரம் திட்டவில்லை, சிரித்தாள். அது இன்னும் மோசம்.

அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. என்னை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய்ப் பழைய சாவியைப் போட்டுத் திறந்து காட்டினார்.

“பாருங்க, இது எப்பவும் போலத் திறக்குது. பழைய பூட்டுக்குப் பழைய சாவி இருக்கறதாலதான் நான் மத்ததைத் தைரியமா ராவினேன். ஒரே சாவி இருந்திருந்தா அரத்தையே தொட்டிருக்க மாட்டேன். கோதுமையும் இதைத்தாங்கண்ணா பண்ணுது.”

“கோதுமைக்கு ஏதுங்க அரம்?”

“தப்புதான் அரம். நோய் வந்தா அடையாளம் கண்டுபிடிக்கறதுக்குச் செடிக்குள்ள ஒரு மரபணு இருக்குன்னு வைங்க. எப்பவோ ஒரு தலைமுறையில அது ரெண்டு தடவை எழுதப்பட்டுப் போச்சு. தற்செயலாத்தான். ஒண்ணு பழைய வேலையைப் பார்க்குது. ரெண்டாவதுக்கு வேலை இல்ல. அதுல தலைமுறை தலைமுறையாச் சின்னச் சின்னத் தப்பு சேருது. முக்கால்வாசி அப்படியே கெட்டுப்போகும், நம்ம மூணு சாவி போச்சே அது மாதிரி. எங்கயோ ஒண்ணு புதுப் பூட்டைத் திறந்துடும். துருநோயும் சும்மா இருக்காது பாருங்க, ஆளு அடையாளம் தெரியாம மாறிட்டு வரும். அந்தப் புது முகத்தை இந்த ரெண்டாவது கண்டுபிடிச்சுடும்.”

கோதுமையே மூன்று புல் சேர்ந்து உண்டானதாம். அதனால் எல்லா மரபணுவும் ஏற்கனவே மூன்று மூன்று. அதற்கு மேல் இப்படிப் பக்கத்திலேயே இரட்டித்ததும் உண்டாம். “அப்படீன்னா அதுவும் உங்களை மாதிரிதானுங்க அம்மிணி, எதையும் ஒண்ணா வெச்சுக்கத் தெரியாது” என்றேன். அதையும் கிறுக்கல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவருடைய முப்பது வரிசையில் ஆறு வரிசைக்கு மட்டும் அந்த மரபணு இரட்டித்திருந்தது. அதில் இரண்டாவது பிரதி கொஞ்சம் மாறியிருந்தது. மாறியது உபயோகமாக மாறியதா, வீணாக மாறியதா என்பதுதான் கேள்வி. நிலையத்தில் இந்த ஒரு போகம்தான் கொடுத்திருந்தார்கள். இதில் பதில் வராவிட்டால் கோதுமையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக வேண்டும். அந்த ஆறு ரகத்தில் கையிலிருந்த விதையே ஒரு பிடி. முழுவதையும் விதைத்துவிட்டார்.

“இதுக்கு ரெண்டாவது?” என்று கேட்டேன்.

“வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்குதே” என்றார்.

தை பிறந்து, பனி இறங்கி, கதிர் வந்த சமயம் ஓரத்து வரிசையில் துரு வந்தது. இலையைத் தொட்டால் விரலில் செங்கல் பொடி மாதிரி ஒட்டியது. அவர் அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வந்துருச்சு, வந்துருச்சு!” என்று வரப்பில் ஓடிவந்தார். ஊரிலிருந்து யாரோ விருந்தாளி வந்த மாதிரி என் சம்சாரம் வாசலை எட்டிப் பார்த்தாள். பத்து நாளில் உள்வரிசைகளிலும் அந்தச் செம்பொடி தெரிந்தது. “இந்தக் கலரு வந்தாப் பயப்படாதீங்க, நாமதான் கூப்பிட்டோம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தம்பி நிக்காஹுக்காக மூன்று நாள் லீவில் சேலம் போனார்.

இப்போது எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். குச்சிக்கிழங்கை விதை போட்டு வளர்ப்பதில்லை. செடியின் குச்சியை வெட்டித்தான் அடுத்த வருஷத்துக்கு நடுவோம். குச்சியோடு நோயும் கூடவே வரும். அதனால் இலையில் தேமல் விழுந்த செடியைக் கண்டால் யோசிக்கக் கூடாது. அன்றைக்கே பிடுங்கி வெளியே கொண்டுபோய்விட வேண்டும். எங்கப்பா எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. தேமல் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். பத்தடி தூரத்தில் நடந்துபோனாலே என் கண் அதில் போய் நிற்கும்.

அவர் போன மறுநாள் காலை கோதுமைக்குத் தண்ணீர் கட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நடு வரிசைகள் சிலவற்றில் செம்பொடி இல்லை. இலை முழுக்க ஊசியால் குத்தினது போலக் கருகிய புள்ளிகள், சுற்றிலும் வெளிறிய மஞ்சள். கூப்பிட்ட நோய்க்கு நிறம் சொல்லியிருந்தார். இந்தப் புள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இது கூப்பிடாமல் வந்த வேறு நோய். நிக்காஹ் வீட்டுக்கு போன் போட்டு இதைச் சொல்லவா? மனசு வரவில்லை. அவருக்கு இருப்பது ஒரு போகம். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாவற்றிலும் பரவிவிட்டால்?

பிடுங்கினேன். குச்சியில் என்ன எண் என்று பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தேன். புள்ளி கண்ட ஒரு செடியையும் விடவில்லை. பிறகு, அந்தப் பக்கமும் தொற்றியிருக்குமே என்ற பயத்தில் வாய்க்காலைத் தாண்டிப் போய் அங்கேயும் பிடுங்கினேன். கொளுத்தத்தான் கொண்டுபோனேன். கொளுத்திய பிறகு எந்த வரிசையில் எடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து, வரிசைக்கு ஒரு கட்டாகக் கட்டி, அந்தந்த எண் குச்சியையும் சேர்த்துச் செருகி, ஈரச் சாக்கில் சுற்றி மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினேன். இரண்டு முறை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானமே அவர் வந்துவிட்டார். கையில் மருதாணி, தோளில் பை, எங்களுக்கு ஒரு டப்பா நிறைய பிரியாணி. பாத்திக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் பக்கத்தில் போனேன். காலி வரிசைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“மயில் வந்து பிடுங்கிடுச்சாண்ணா?”

“நானுங்க அம்மிணி. புதுசா ஒரு தேமல் வந்துதுங்க. புள்ளி புள்ளியா. பரவீருமேன்னு…”

“அந்தப் பக்கம்?”

“அங்கயும் எடுத்துட்டனுங்க. ஒண்ணு பாக்கி இல்லீங்க.”

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எப்போதும் சிரிக்கும் முகம் அப்படி ஆனதை நான் பார்த்ததே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். அந்தப் புள்ளி நோய் இல்லையாம். துரு வந்து உட்கார்ந்த இடத்தைச் செடி கண்டுபிடித்து, தன் இலையில் அந்த இடத்தை மட்டும் தானே கருக்கிக்கொள்ளுமாம். துருநோய்க்கு உயிரோடிருக்கிற இலைதான் தீனி. கருகின இடத்தில் அது பட்டினி கிடந்து சாகும். புள்ளி விழுந்த செடிதான் ஜெயித்த செடி.

என் சம்சாரம் தூரத்தில் நின்று, “என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?” என்று கேட்டாள்.

“எங்க போட்டீங்கண்ணா? கொளுத்தியாச்சா?”

மோட்டார் ரூமைத் திறந்து சாக்கைப் பிரித்தேன். பன்னிரண்டு கட்டு. ஒவ்வொன்றிலும் எண் குச்சி. அவர் ஒரு கட்டின் எண்ணைப் பார்த்தார். பையிலிருந்து அச்சு மாதிரி எழுதிய நோட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு கட்டு. இன்னொன்று. பன்னிரண்டும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“அண்ணா, குச்சியில நம்பரைப் பார்த்துட்டுப் பிடுங்குனீங்களா?”

“இல்லீங்க. எலையை மட்டுந்தானுங்க.”

“இந்த நோட்டைத் திறந்து பார்த்தீங்களா?”

“சாமி சத்தியமா இல்லீங்க அம்மிணி. பார்த்தாலும் எனக்கென்னங்க தெரியும்.”

“இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. அத்தனையும் அந்த ரெட்டிச்ச ரகம். மத்த இருபத்துநாலுல ஒண்ணைக்கூடத் தொடல நீங்க.” அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. “நான் பார்த்திருந்தாக்கூட மனசு ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். எது ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை இருக்குதுல்ல. உங்களுக்கு அந்த ஆசை இல்ல, பயம் மட்டுந்தான் இருந்துச்சு. இதை விடச் சுத்தமா யாரு பார்த்துச் சொல்லுவாங்க?”

எனக்குப் பாதிதான் புரிந்தது. திட்டவில்லை என்பது புரிந்தது. ஆனால் அவர் முகம் மறுபடி சுருங்கியது. பதில் வந்துவிட்டது, விதை இல்லை. கதிரை ஒரு விரலால் அழுத்தினார். பால் வந்தது. மணி முற்றவில்லை.

“அக்கா, ஊட்ல வாளி, குடம் எத்தனை இருக்கு? சர்க்கரை இருக்கா?” எங்கள் பேச்சு அவருக்கும் ஒட்டியிருந்தது.

தண்ணீரும் இனிப்பும் குடித்துக்கொண்டிருந்தால் பிடுங்கிய செடியிலும் கதிர் முற்றும் என்றார். அரை மணியில் மோட்டார் ரூம் முழுக்க வாளியும் பால் கேனும். கோதுமைத் தாளை அடியில் சாய்வாக வெட்டி, லேசாகச் சர்க்கரை கரைத்த தண்ணீரில் கட்டுக்கட்டாக நிறுத்தினோம். வேர் நன்றாக இருந்தவற்றைப் பெயிண்ட் டப்பாவில் மண் போட்டு நட்டோம். சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த என் சம்சாரம் கேட்டாள், “கோதுமைக்குக் காப்பியா, டீயா அம்மிணி?” அவர் அழுதுகொண்டிருந்தாரா சிரித்துக்கொண்டிருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தினமும் தண்ணீர் மாற்றும் வேலை எனக்கு. எறும்பு வராமல் சுற்றிலும் மஞ்சள் தூள் கோடு. இலை காய்ந்தது. தாள் வெளுத்தது. கதிர் மட்டும் நின்றது. நான் ஒவ்வொரு நாளும் போனில் அவரிடம், “செத்துப் போச்சுங்க அம்மிணி” என்பேன். “இன்னிக்குமாண்ணா?” என்பார் அவர்.

பதினெட்டாம் நாள் வந்தார். எங்களை மோட்டார் ரூம் வாசலில் உட்காரவைத்து, ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். உமியும் தூசியுமாகத்தான் இருந்தது. வாயருகே கொண்டுபோனார். எல்லாம் பறந்துபோய்விடுமோ என்று நான் அவர் கைக்குக் கீழே என் துண்டை விரித்தேன். ஊதினார். உமி போனது. ஐந்து கோதுமை மணி இருந்தது. ஒட்டி, சுருங்கி, நோஞ்சானாக. ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

“முளைக்கும்” என்றார்.

இன்னொரு கதிரைக் கசக்கி என் கையில் கொட்டினார். “இதை நீங்க ஊதுங்கண்ணா.”

நான் ஊதினேன். உமி அசையவில்லை.

“என்னுங்க, தூங்கற கொழந்தை மூஞ்சியில ஊதற மாதிரி ஊதறீங்க? நல்லா ஊதுங்க!” என்றாள் என் சம்சாரம்.

மூச்சை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, பலமாக ஊதினேன். மூன்று பேர் மேலும் உமி. கண்ணைத் திறக்கப் பயமாக இருந்தது. உள்ளங்கையில் கனம் என்று சொல்ல முடியாது, ஒரு குறுகுறுப்பு. அது போகவில்லை. அங்கேயேதான் இருந்தது.